கோலனைத் தேடிய சேகர் அண்ணன்

சேகர் அண்ணனின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தபோது நான் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். காலையில் காப்பி குடித்து முடிக்கும்வரை என்னைக் கூப்பிடக்கூடாது என்று அவரிடம் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. கேட்டால்தானே! வாயில் நுரையோடு போனை எடுத்து, "அண்ணே, காலங்காத்தால ஆரம்பிச்சிட்டீங்களா? உங்க தாத்தா எங்கயும் ஓடிப் போயிட மாட்டாரு லா, அப்புறம் கூப்பிடுறேன்" என்று கத்தினேன். அந்தப் பக்கத்திலிருந்து, "ஆன்டி, நான் கவிதா. அப்பா தூக்கத்துலயே போயிட்டாரு" என்றது அவர் மகளின் குரல்.

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, எரிச்சல்தான். ஒரு வாதத்தை நடுவில் விட்டுவிட்டு எழுந்து போவது அவருக்குப் பழக்கம். சாப்பாட்டுக் கடையிலும் அப்படித்தான் செய்வார். நாம் சரியான பதிலைச் சொல்லப் போகிற நேரமாகப் பார்த்துக் கை கழுவ எழுந்துவிடுவார். இந்த முறையும் அதையே செய்துவிட்டார் மனிதர் என்றுதான் தோன்றியது. அழுகை கிள்ளானுக்குப் போகும் ரயிலில் வந்தது. எதிரில் இருந்த பெண் டிஷ்யூ எடுத்துக் கொடுத்தாள்.

நம் சனிக்கிழமைக் கூட்டத்தின் சார்பில் அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். ஆனால் நல்லதை மட்டும் எழுதினால் அது வேறு யாரையோ பற்றியதாகிவிடும். புதிதாக நம்மோடு சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: தனசேகரன் த/பெ மாரிமுத்து, கிள்ளானில் இன்ஷூரன்ஸ் முகவராக இருந்து ஓய்வு பெற்றவர். தங்கள் முன்னோர் எந்த ரப்பர்த் தோட்டத்துக்கு, எந்தக் கப்பலில் வந்தார்கள் என்று தேடும் நம்மைப் போன்ற ஏழெட்டுப் பேர் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் கூடிப் பேச ஆரம்பித்த காலத்திலிருந்து அவர் வராத சனிக்கிழமை கிடையாது. வந்து நம்மை நிம்மதியாகச் சாப்பிட விட்ட சனிக்கிழமையும் கிடையாது.

யாரைப் பார்த்தாலும் சௌக்கியமா என்று கேட்கமாட்டார். "உங்க தாத்தா எந்தத் தோட்டம்?" என்பதுதான் அவர் வணக்கம். கல்யாண மேடையில் மாப்பிள்ளையிடம் கேட்பார். சாவு வீட்டில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்பார். அம்பாங்கில் ஓர் இருதய டாக்டரிடம் அவருக்குத் துணையாக நான் போயிருந்தேன். மூச்சை நன்றாக இழுத்து விடுங்கள் என்றார் டாக்டர். "டாக்டர், உங்க தாத்தா ரயில்வேயா, தோட்டமா?" என்றார் இவர். டாக்டரும் லேசுப்பட்டவர் இல்லை. காதிலிருந்த குழாயைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் குடும்பக் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். வெளியே காத்திருந்த நோயாளிகள் என்னைத்தான் முறைத்தார்கள். இருதயத்தைப் பற்றி என்ன சொன்னார் என்று திரும்பும் வழியில் கேட்டேன். "அட, அத மறந்துட்டேன் மேடம்" என்றார்.

என்னை அவர் மேடம் என்றுதான் கூப்பிடுவார். கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவள் என்பதால் அந்த மரியாதை. அதில் பாதி கிண்டல் என்பது எனக்கும் தெரியும்.

அவருடைய தேடல் எங்கே ஆரம்பித்தது என்பது உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். தன் தாத்தாவை அவர் பார்த்ததில்லை. அவர் அப்பா மாரிமுத்துவே பார்த்ததில்லை. யுத்தத்தின்போது ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், மாரிமுத்து வயிற்றில் இருக்கும்போதே தாத்தா கிள்ளானை அடுத்த மேரு ஊர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து காணாமல் போய்விட்டார். பிடித்துக்கொண்டு போனார்கள் என்று சிலர் சொன்னார்கள், பெண்டாட்டி பிள்ளையை விட்டு ஓடிவிட்டான் என்று பலர் சொன்னார்கள். சேகர் அண்ணன் அப்பாயி என்று குறிப்பிடும் அந்தப் பாட்டி பொன்னம்மா, பத்துப் பன்னிரண்டு வருடங்களில் நோயில் போய்விட்டாள். மாரிமுத்துவை வளர்த்தது அவருடைய அக்கா செல்லம்மா. அப்பன் காணாமல் போனபோது செல்லம்மாவும் இடுப்பில் இருந்த குழந்தைதான். 'ஓடிப்போனவன் மகன்' என்று தோட்டத்துப் பிள்ளைகள் கேலி செய்ததை மாரிமுத்து கடைசிவரை மறக்கவில்லை. "ஓடிப்போனவனுக்கு என்னடா தண்ணி?" என்று ஆயுள் முழுக்கத் தர்ப்பணம் செய்ய மறுத்துவிட்டார்.

அந்த அப்பா இறந்தபின் வந்த முதல் ஆடி அமாவாசைக்குச் சேகர் அண்ணன் மோரிப் கடற்கரைக்குப் போனார். மணலில் வரிசையாக உட்கார வைத்து, அப்பா பேர், தாத்தா பேர் என்று ஐயர் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். அப்பாவின் பிறப்புச் சான்றிதழில் இருந்தபடி, "தாத்தா பேரு கோலன்" என்றாராம் இவர். ஐயர் கையை நிறுத்தி, "இது என்ன பேரு? சரியா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க, போய்ச் சேரணும்ல" என்று சொல்லிவிட்டார். போதாதா? இவர் அங்கேயே எழுந்துவிட்டார். பாதித் தர்ப்பணத்தில் எழுந்த மனிதரை அதற்குப் பிறகு யாராலும் உட்கார வைக்க முடியவில்லை.

"இன்ஷூரன்ஸ்ல பேருல ஒரு எழுத்து தப்பா இருந்தாலும் செத்தவரு சாகலன்னு அர்த்தம் மேடம். தண்ணியும் அப்படித்தான். தப்பான பேருக்குக் குடுத்தா அது யாருக்கோ போயிடும். எங்க தாத்தா நாக்கு வறண்டு நிப்பாரு." இதை அவர் என்னிடம் சொன்னபோது கண் கலங்கியிருந்தது. அன்றைக்கு மனம் இளகி, நான் உதவி செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். என் நிம்மதி போனது அன்றோடுதான்.

கோலன் என்பது தமிழில் எழுதப்பட்டதில்லை. கே, ஓ, எல், ஏ, என் என்று ஆங்கிலத்தில் இருந்தது. அது கோலனா, கோளனா, குழலனா என்று நாம் எல்லோரும் ஆளுக்கொன்று சொன்னோம். சேகர் அண்ணன் ஒரே வாரத்தில் முடிவுக்கு வந்துவிட்டார்: கொல்லன். தாத்தா தோட்டத்தில் இரும்புப் பட்டறை வைத்திருந்தவர், அதனால்தான் ஜப்பான்காரன் பிடித்துப் போனான், ஓடிப்போகவில்லை. எவ்வளவு அழகான கதை! ரவாங்கில் ஒரு பழைய இரும்புக் கடையில் தோட்டத்துப் பட்டறைக்கல் ஒன்று இருக்கிறது என்று யாரோ சொல்ல, நம் நால்வரை வெயிலில் அங்கே இழுத்துக்கொண்டு போனார். அந்த இரும்புக் கட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கட்டிப்பிடித்து என்னைப் போட்டோ எடுக்கச் சொன்னார். கடைச் சீனர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அங்கிள், இது லோரி சாமான்" என்றார். திரும்பி வரும்வரை காரில் யாரும் சிரிக்கவில்லை. இறங்கியபின் சிரித்தோம். "சிரிங்க, சிரிங்க. ப்ரூஃப் வரும்" என்றார்.

பிறகுதான் பழைய மக்கள் கணக்கெடுப்பில் பார்க்கலாம் என்ற யோசனை வந்தது. யோசனை என்னுடையது, எனவே யாரையும் குறை சொல்வதற்கில்லை. கணக்கெடுப்பு என்றால் வீடு வீடாகப் பெயர் இருக்கும், புரட்டினால் தாத்தா கிடைத்துவிடுவார் என்று அவர் நினைத்திருந்தார். ஆவணக் காப்பகத்து வாசிப்பறையில் வந்த தடித்த புத்தகங்களில் பெயர்களே இல்லை. மாவட்டவாரியாகத் தமிழர் இத்தனை, ஆண் இத்தனை, பெண் இத்தனை என்று எண்கள் மட்டும். பக்கங்களை முன்னும் பின்னும் திருப்பினார். மேசையிலிருந்த மலாய்ப் பெண்ணிடம் போய், வீட்டுத் தாள்கள் எங்கே என்றார். அவள் பாவம், "ஜும்லா சஹாஜா, பாக்சிக்" என்றாள். கூட்டுத்தொகை மட்டும்தான் மாமா என்று. இவர் அந்தப் பக்கத்தை அவளிடம் திருப்பி ஓர் எண்ணின் மேல் விரலை வைத்து, "இதுல எங்க தாத்தா எந்த ஒண்ணு?" என்று தமிழிலேயே கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் வாழ்நாளெல்லாம் மொழிபெயர்த்துச் சம்பாதித்தவள், அதை மொழிபெயர்க்க எனக்கு வாய் வரவில்லை. அவரைச் சட்டைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன்.

"ஒருத்தர எடுத்துட்டா அந்தக் கூட்டுத்தொகை தப்பாயிடும் மேடம். அப்போ அவரு உள்ளதான் இருக்காரு" என்றார் படிக்கட்டில்.

அவர் தேடிய தாள்கள் அநேகமாக எல்லாம் அழிந்துவிட்டன. ஆனால் இடிக்கப்பட்ட ஒரு தோட்ட ஆபீஸிலிருந்து யாரோ புண்ணியவான் ஒரு பெட்டியைக் காப்பாற்றி ஒரு நூலகத்தில் கொடுத்திருந்தார். கணக்கெடுப்புத் தாள்களை மேலே அனுப்புமுன் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி எடுத்து வைத்த நகல்கள் அதில் இருந்தன. ஜப்பான்காரன் போனபின் எடுத்த முதல் கணக்கெடுப்பு. மேரு பக்கத்துத் தோட்டம். செல்லரித்த அந்தத் தாள்களை நான்தான் படித்தேன், அவருக்குக் கண்ணாடி போட்டாலும் பழைய கையெழுத்துப் புரியாது. பொன்னம்மா என்று வந்தது. மகள் செல்லம்மா என்று வந்தது. மகன் மாரிமுத்து என்று வந்தது. குடும்பத் தலைவர் என்ற இடத்தில், பால்மரம் சீவுகிறவர், பெயர் பழனி.

அவர் எழுந்து நின்றிருந்தார். மெதுவாக உட்கார்ந்தார். "இது எங்க வீடு இல்ல" என்றார்.

"மூணு பேரும் சரியா இருக்காங்க அண்ணே!"

"எங்க தாத்தா கோலன். இது பழனி. எங்க தாத்தா ஜப்பான்காரன் காலத்துலயே போயிட்டாரு. இவரு அப்புறமும் வீட்டுல குந்தியிருக்காரு. மேடம், ப்ரூஃப் எங்க?"

அடுத்த சனிக்கிழமைக்குள் விளக்கம் தயாராகிவிட்டது. அப்பாயி இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டிருக்கிறாள், இந்தப் பழனி அப்பாவுக்குச் சித்தப்பா முறை. ஒரு பெயரை மாற்ற மனமில்லாமல் சொந்தப் பாட்டிக்கு இன்னொரு புருஷனைக் கட்டிவைத்த பேரனை நான் அவரிடம்தான் கண்டேன். கடையில் பரிமாறுகிற தம்பிகூட ரசத்தை வைத்துவிட்டு வாயைப் பிளந்து நின்றான். நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன். பாதிச் சாப்பாட்டில் நான் எழுந்தது அன்றைக்கு மட்டும்தான்.

அந்தக் கோபத்தில் நடந்து வீட்டுக்கு வரும்போதுதான் எனக்கு என் பழைய வழக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. தோட்டத்திலிருந்து ஒரு வயதான அம்மா சாட்சி சொல்ல வந்திருந்தாள். புருஷன் பெயர் என்ன என்று நீதிபதி கேட்கச் சொன்னார். கேட்டேன். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "அது எப்படித்தாயி என் வாயால... விடிஞ்சா கெழக்க வருவாரே, அவரு பேரு" என்றாள். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று நம் வீடுகளில் பெண்கள் அதைச் சொல்லமாட்டார்கள். உங்கள் வீடுகளிலும் பார்த்திருப்பீர்கள். நீதிபதிக்கு இது எங்கே புரியும்? கோர்ட்டை அவமதிக்கிறாளா என்று என்னிடம் கேட்டார்.

மறு சனிக்கிழமை இதை எல்லோர் முன்னாலும் வைத்தேன். கணக்கெடுக்க வந்தவர் கேட்டபோது பொன்னம்மா புருஷன் பெயரைச் சொல்லவில்லை. "பழனியில நிக்கிறாரே, அவரு பேரு" என்றாள். அவர் பழனி என்று எழுதிக்கொண்டார். அதற்கு முன்னால், மகன் பிறந்ததைப் பதிய ஒண்டியாகப் போனபோது, "கையில கோலு வச்சிருக்காரே" என்றாள். அங்கிருந்தவர் கோலன் என்று எழுதிக்கொண்டார். பழனியில் கையில் கோலோடு நிற்பவர் யார்? தண்டபாணி. இரண்டு தாளும் ஒரே ஆளைத்தான் சொல்கின்றன. புருஷன் காணாமல் போய் வருடங்கள் ஆனபிறகும் அவரை வீட்டில் இருப்பவராகவே அவள் கணக்குக் கொடுத்திருக்கிறாள்.

கூட்டத்தில் மூத்தவர் நடராஜா அங்கிள், யாழ்ப்பாணத்துக் குடும்பம், அவர் தாத்தா இப்படிக் கணக்கெடுக்கப் போன கிராணிகளில் ஒருவர். சேகர் அண்ணன் அவர் பக்கம் திரும்பி, "உங்காளுங்கதான் எங்க தாத்தா பேரக் கெடுத்தது" என்றார். அங்கிள் மோரை ஒரு வாய் குடித்துவிட்டு, "மனுசி சொன்னதைத்தானே தம்பி எழுதினவை. உங்கட அப்பாச்சி வாய் திறந்திருந்தால் எங்களுக்கு ஏன் இந்தப் பாடு?" என்றார். எல்லோரும் சிரித்தோம். சேகர் அண்ணன் சிரிக்கவில்லை.

"மேடம், உங்க கேஸ்ல அந்த அம்மா சொன்னது யாரு?"

"சூரியன்னு நெனச்சு அப்படியே சொன்னேன்."

"புருஷன் பேரு சூரியன்தானா?"

நான் பொய் சொல்லப் பழகவில்லை. "இல்ல. அடையாள அட்டையைக் கொண்டுவந்தாங்க. பாஸ்கரன்னு இருந்துச்சு."

"பாத்தீங்களா!" என்று மேசையைத் தட்டினார். "நீங்க சூரியன்னீங்க, பாஸ்கரன் வந்தாரு. இப்ப தண்டபாணிங்கிறீங்க. தண்டாயுதபாணியா இருந்தா? ஆண்டியப்பனா இருந்தா? எங்க தாத்தா தண்ணி யாருக்குப் போகும்? ப்ரூஃப் குடுங்க மேடம், நான் கையெழுத்துப் போடுறேன்." பிறகு கை கழுவ எழுந்து போய்விட்டார்.

ஒரு மாதம் நான் அவரோடு பேசவில்லை. அவர் தினமும் கூப்பிட்டார், அதை நிறுத்தவில்லை. கடைசியில், தோட்டம் இருந்த இடத்தைக் காட்டுகிறேன் வாருங்கள் என்று மேருவுக்கு என்னையும் நடராஜா அங்கிளையும் காரில் கூட்டிப்போனார். தோட்டமா? எங்கு பார்த்தாலும் தொழிற்சாலையும் கிடங்கும், லோரி வரிசையும். நிறுத்த இடமில்லாமல் சுற்றிச் சுற்றி வந்தார். "இருங்க, மலைக்கோயில் கிட்ட நிறுத்தலாம்" என்றார்.

"என்ன கோயில்?"

"மலைக்கோயில். தோட்டத்துக் கோயில் அது ஒண்ணுதான் மிஞ்சியிருக்கு."

நிறுத்தினார். நான் இறங்கிப் பார்த்தேன். கிள்ளான் பக்கத்து நிலம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், தட்டில் ஊற்றிய கஞ்சிபோலச் சமமாகக் கிடக்கும். மலையும் இல்லை, மேடும் இல்லை. இரண்டு கிடங்குகளுக்கு நடுவே சின்னதாக ஒரு கோயில். முகப்புப் பலகையில் பெயிண்டில் எழுதியிருந்தது: ஸ்ரீ தண்டபாணி ஆலயம்.

"அண்ணே, இங்க மலை எங்க?" என்றேன்.

"மலை இல்ல. எங்க வீட்டுல அப்படித்தான் சொல்லுவோம்."

"வெளியாளுங்க?"

"அவங்க தண்டபாணி கோயில்ன்னுவாங்க." சொல்லிவிட்டு முகப்பைத் திரும்பிப் பார்த்தார். "நாங்க மட்டும்தான்..."

"உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"செல்லம்மா அத்த." குரல் இறங்கிவிட்டது. "அவங்களுக்கு அவங்க அம்மா."

நடராஜா அங்கிள் தொப்பியைக் கழற்றினார். புருஷன் பெயரைத் தாங்கிய சாமியின் பெயரைக்கூடச் சொல்லக்கூடாது என்று அந்தப் பெண் கோயிலுக்கே வேறு பெயர் வைத்துப் பிள்ளைகளுக்கும் பழக்கியிருக்கிறாள். ஓடிப்போய்விட்டான் என்று லயத்து வீடுகளெல்லாம் பேசியபோதும், அவர் எங்கோ இருக்கிறார், ஆயுசோடு வரட்டும் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அவர் உயிரோடு இருக்கவேண்டும் என்றுதான் சொல்லாமல் இருந்தாள். அவள் சொல்லாததால்தான் அவர் பேரனுக்குக் கிடைக்காமல் போனார். எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது. ஒரே ஒரு தடவை, யாரும் இல்லாத இடத்தில், பிள்ளை காதிலாவது சொல்லியிருக்கக்கூடாதா அம்மா?

சேகர் அண்ணன் கோயிலுக்குள் போகவில்லை. கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காரில் ஏறி, "கோயில் பேரு கோயிலுக்கு. அது ப்ரூஃப் ஆகாது மேடம்" என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார். நான் கதவை ஓங்கிச் சாத்தினேன். அந்தக் கதவு அதற்குப்பிறகு சரியாக மூடவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதன்பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அவரோடு இதே சண்டைதான். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் ஒரு வாதத்தோடு வருவேன், அவர் உடைப்பார். பெயரில் பழனி இருந்திருந்தால் அவள் பழனி என்று சொல்லியிருக்கமாட்டாள், எனவே பழனியாண்டி இல்லை என்பேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்பார். கிள்ளானிலேயே இவரைப் போல ஒரு முரடர் இல்லை என்று நடராஜா அங்கிளிடம் எத்தனை தடவை புலம்பியிருக்கிறேன். இந்தச் சண்டைக்கு நடுவில்தான் போய்விட்டார்.

பதினாறாம் நாள் கருமாதிக்கு நாம் எல்லோரும் போயிருந்தோம், ஆனால் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் நடந்தது தெரியும். கவிதா ஒரே பிள்ளை, அவளே காரியத்துக்கு உட்கார்ந்தாள். காரியம் செய்துவைத்த பண்டாரம் பெயர் கேட்டார். தனசேகரன் என்றாள். அவர் அப்பா? மாரிமுத்து என்றாள். அவரோட அப்பா? கவிதா திரும்பி என்னைப் பார்த்தாள். "ஆன்டி, நீங்க வந்து சொல்லுங்க."

எழுந்து பக்கத்தில் போனேன். "சான்றிதழ்ல இருக்கிறத சொல்லும்மா. உங்கப்பா அதத்தான் பிடிச்சிக்கிட்டு நின்னாரு" என்றேன்.

"இல்ல ஆன்டி. போன ஆடி அமாவாசைக்கு அப்பா மோரிப்ல மறுபடி உக்காந்தாரு. கோலன்னு சொல்லல. ஐயர் கேட்டதுக்கு, 'எங்க தாத்தா'ன்னு மட்டும் சொன்னாரு. ஏன்பான்னு கேட்டேன். 'அப்பாயி சாகுற வரைக்கும் வாயத் தொறக்காம வச்சிருந்த பேரும்மா. அத நான் கடற்கரையில நின்னு கத்தணுமா? அவங்க காப்பாத்தட்டும்'ன்னாரு."

அப்படியென்றால் நம்பியிருக்கிறார். அந்தக் கோயில் வாசலிலேயே நம்பியிருக்கிறார். ஒரு வருடம் என்னைக் கத்தவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறார்! அந்த இடத்தில், கருமாதிப் பந்தலில், எனக்கு அவரை எழுப்பி உலுக்கவேண்டும்போல இருந்தது. அப்படியே அணைத்துக்கொள்ளவேண்டும்போலவும் இருந்தது.

"பேரு சொல்லுங்கம்மா, நேரமாகுது" என்றார் பண்டாரம். தர்ப்பையும் தண்ணீரும் அவர் கையில் நின்றன. பேரனை அப்பாவோடும் தாத்தாவோடும் சேர்க்கிற இடம் அது; பெயர் இல்லாமல் சேர்க்க முடியாது. ஒரு வருடமாக மேசையைத் தட்டி நான் சொன்ன பெயர், இப்போது வாயில் வரமறுத்தது. என் கையில் இருந்தது என்ன? ஒரு கோல், ஒரு பழனி, மலை இல்லாத ஒரு மலைக்கோயில். அன்றைக்குச் சூரியன் என்று சொன்னவளும் நான்தானே? தப்பாகச் சொல்லிவிட்டால் சேகர் அண்ணன் யாரோ முன்பின் தெரியாத ஒருவரிடம் போய் நிற்பார். சரியாகச் சொன்னாலும், அந்தப் பெண் உயிரைக் கொடுத்து மறைத்த பெயரை ஊர் கேட்க உடைத்தவள் நானாக இருப்பேன். கவிதாவின் கண்ணைப் பார்த்தேன். அவள் அப்பா நடுக்கடலில் நிற்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்டபாணி" என்றேன். மெல்லத்தான் சொன்னேன். பண்டாரம் சரியாகக் கேட்கவில்லை என்றார். இரண்டாம் தடவை பந்தலுக்கே கேட்கும்படி சொன்னேன்.

சேகர் அண்ணே, கோர்ட்டில் இருந்தவரை அடுத்தவர் சொன்னதை மட்டும்தான் நான் உரக்கச் சொல்லியிருக்கிறேன். யாருமே வாய்விட்டுச் சொல்லாத ஒரு பெயரைச் சொன்னது அன்றைக்குத்தான், அதுவும் உங்களுக்காக. உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சந்தேகம்தான். அதை நானே வைத்துக்கொள்கிறேன், வேறு யாருக்கும் கொடுப்பதாக இல்லை. நான் சொன்னது சரி என்றால் இந்நேரம் நீங்கள் மூவரும் ஒன்றாக இருப்பீர்கள், உங்கள் அப்பா ஓடிப்போகாத அப்பனைப் பார்த்திருப்பார். தப்பு என்றால் வந்து சண்டை போடுங்கள், அண்ணே. நான் வீட்டில்தான் இருப்பேன்.